தேனீப் பெட்டி இழப்புக் கணக்கெடுப்பு: உட்கார்ந்து பதில் சொன்னவனின் அனுபவம்

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் தென்னந்தோப்பும் வரப்போரம் கொஞ்சம் மாமரமும் வைத்துக்கொண்டு ஏழு வருடமாகத் தேனீப் பெட்டி வைத்து வருகிறேன். எல்லாமே அடுக்குத் தேனீ, அதாவது நம் இந்தியத் தேனீ. இத்தாலியப் பூச்சி ஒரு பெட்டிகூடக் கிடையாது. போன தை மாதம் எங்கள் பக்கம் ஒரு கணக்கெடுப்பு வந்தது: போன வருடம் எத்தனை பெட்டி வைத்திருந்தீர்கள், எத்தனை போனது, எப்படிப் பராமரித்தீர்கள் என்று தேனீ வளர்ப்பவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. குறை சொல்லப்போவதால் நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை, ஆனால் இது அணைக்கட்டு, ஒடுகத்தூர், அமிர்தி பக்கம் பெட்டி வைத்திருக்கிற பலருக்கும் வரும், வந்தால் என்ன செய்யலாம் என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

முதலில் வந்தது போனில் நிரப்பும் படிவம். அதற்கு ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் நேரில் வந்து உட்கார்ந்து கேட்டார், அதற்கு நாலரை. இரண்டும் ஒரே கணக்கெடுப்புதான், கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான்.

ஒரு பெட்டித் தேனீக் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘காலனி’ என்பார்கள், படிவத்தில் அது வருகிற இடத்தில் எல்லாம் ‘குடியேற்றம்’ என்று போட்டிருந்தார்கள். ‘கடந்த குளிர்காலத்தில் உங்கள் குடியேற்ற இழப்பு எவ்வளவு?’ என்று முதல் கேள்வி. என் மனைவி வாசித்துவிட்டு இது ரேஷன் கார்டு சம்பந்தமா என்று கேட்டாள். பெட்டி வைத்திருக்கிற யாரும் அப்படிப் பேசுவதில்லை. பெட்டி, கூட்டம், பூச்சி, அடை, சட்டம், ராணி, இந்த ஆறு வார்த்தைக்குள் முழுப் படிவத்தையும் எழுதியிருக்கலாம்.

வார்த்தையைக்கூட விட்டுவிடலாம், குளிர்காலம் என்று கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 1 வரை குளிர்காலம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அது அமெரிக்காவில் செய்கிற கணக்கு. அங்கே 2006-07 குளிர்காலத்திலிருந்து வருடா வருடம் தேனீ வளர்ப்பவர்களிடம் கேட்டு இழப்பை எழுதி வருகிறார்கள், அங்கே பனியில் பெட்டி மூடிக் கிடக்கிற மாதங்கள்தான் பூச்சிக்கு உயிர்க்கண்டம், அதனால் அப்படிப் பிரித்தது அவர்களுக்குச் சரி. வேலூருக்கு அது பொருந்துமா? நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில் பூச்சி வெளியே போக முடியாமல் பட்டினி கிடக்கும், மார்கழி தையில் மாம்பூ வந்ததும் எழுந்துகொள்ளும், மாசி பங்குனியில் கூட்டம் பிரியும், அந்த நேரத்தில்தான் நாம் ஒன்றை இரண்டாக்குகிறோம். இந்த மொத்தத்தையும் ‘குளிர்காலம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் மழையில் போன பெட்டியும் பங்குனியில் பிரித்த பெட்டியும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். எங்களுக்கு உயிர் போகிற காலம் புங்கம்பூவும் வேப்பம்பூவும் ஓய்ந்த பிறகு வருகிற அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வெயிலில் அடை மெழுகு இளகித் தேனோடு மரச் சட்டத்திலிருந்து கழன்று விழுந்து பார்த்திருக்கிறேன். அந்த மாதங்களுக்குப் படிவத்தில் தனிக் கேள்வியே இல்லை.

அப்புறம் உண்ணி. வரோவா உண்ணிக்கு எந்த மாதம் என்ன மருந்து வைத்தீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. இத்தாலியப் பூச்சி வைத்திருப்பவர்களுக்கு அது அவசியமான கேள்விதான், அந்த உண்ணி அவர்கள் பெட்டியையே காலி செய்துவிடும். ஆனால் அந்த உண்ணி ஆதியில் நம் அடுக்குத் தேனீ மேல்தான் இருந்தது, இரண்டும் காலங்காலமாகச் சேர்ந்தே வாழ்ந்து பழகியவை. நம் பூச்சி அதைக் கடித்துத் தள்ளிச் சுத்தம் செய்துவிடும், அது பெருகுவதும் பெரும்பாலும் ஆண் புழு அறையில் மட்டும்தான். அதனால் எங்களில் யாரும் மருந்து வைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ‘இல்லை, இல்லை’ என்று தட்டிக்கொண்டே போனால் கடைசியில் பார்க்கிறவருக்கு இந்த ஆள் பெட்டியைக் கவனிப்பதே இல்லை என்றுதான் தோன்றும். எறும்புக்குக் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தீர்களா, வெயிலுக்கு ஓலை போட்டீர்களா, பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுத்தீர்களா, இதுதானே எங்கள் பராமரிப்பு? ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் பாதியில் சிக்னல் போய், நிரப்பியதெல்லாம் அழிந்து, இரண்டாவது தடவை முதலிலிருந்து.

நேரில் வந்த பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். கோபப்படவில்லை. ‘எழுதிக்கிறேன் அண்ணா, எல்லாத்தையும் எழுதிக்கிறேன்’ என்று தனியாக ஒரு நோட்டை எடுத்தார். அமிர்தி பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், ஜவ்வாது மலையடிவாரத்தில் மூன்றே பெட்டி வைத்திருப்பவர், அன்றைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தார். அவர்தான் விஷயத்தைச் சரியாகப் பிடித்தார். ‘எத்தினி போச்சின்னு கேக்கறியே மா, செத்துப் போச்சா ஓடிப் போச்சா, அத்த மொதல்ல கேளு’ என்றார்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் அடுக்குத் தேனீ சாவதைவிட ஓடிப்போவதுதான் அதிகம். பூ இல்லை, எறும்பு தொல்லை, வெயில் தாங்கவில்லை, குளவி வாசலிலேயே உட்கார்ந்து பிடிக்கிறது என்றால் கூட்டம் முடிவெடுத்துவிடும். முதலில் ராணி முட்டை வைப்பதைக் குறைக்கும், இருக்கிற புழுவெல்லாம் பூச்சியாகி வெளியே வரும்வரை காத்திருக்கும், தேனைக் குடித்துத் தீர்க்கும், ஒரு நாள் காலை மொத்தமாகக் கிளம்பிவிடும். ஓடிப்போன பெட்டியைத் திறந்தால் தேன் இருக்காது, புழு இருக்காது, செத்த பூச்சி ஒன்றும் இருக்காது, காலி அடை மட்டும் துடைத்து வைத்த மாதிரி நிற்கும். பட்டினியில் செத்த பெட்டி வேறு மாதிரி: பூச்சிகள் அறைக்குள் தலையை விட்டபடியே, பின்புறம் மட்டும் வெளியே தெரிய, கொத்துக் கொத்தாகச் செத்திருக்கும்.

அமெரிக்காவில் 2006-07இல் பெரிய பீதியைக் கிளப்பிய இழப்பிலும் பெட்டி காலியாகத்தான் கிடந்தது, ஆனால் அங்கே ராணியும் புழுவும் தேனும் அப்படியே இருக்க, வேலைக்காரப் பூச்சி மட்டும் காணாமல் போனது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் காலிப் பெட்டி, என்னுடையதும் காலிப் பெட்டி. ஒன்றில் புழுவை விட்டுவிட்டுப் பூச்சி மறைந்திருக்கிறது, இன்னொன்றில் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு வேறு பொந்து தேடிப் போயிருக்கிறது. இரண்டையும் ‘இழப்பு 1’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் அதை வைத்து யார் என்ன செய்ய முடியும்? சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரை மையமாக வைத்து இயங்கும் கோலாஸ் என்ற ஆராய்ச்சியாளர் கூட்டமைப்பு பல நாடுகளுக்கும் ஒரே மாதிரிக் கேள்வித்தாள் தயாரித்திருக்கிறது. அதில் ராணிக் கோளாறால் போனது, இயற்கைச் சீற்றத்தில் போனது, செத்தோ காலியாகவோ கிடந்தது என்று பிரித்துத்தான் கேட்கிறார்கள், செத்த பூச்சி நிறைய இருந்ததா இல்லையா என்றும் கேட்கிறார்கள். அந்த அளவாவது இங்கே வேண்டும், கூடவே ‘ஓடிப்போனது’ என்று நமக்கென்று ஒரு கட்டமும்.

சரி, என் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் பெண் கணக்குப் போட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. போன வருடம் தையில் என்னிடம் பதினான்கு பெட்டி, வருடக் கடைசியில் ஒன்பது. நானே கேட்டால் ஐந்து போனது என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் விடவில்லை. நடுவில் பிரித்தீர்களா என்றார். மாசியில் நான்கு பிரித்தேன். வெளியிலிருந்து பிடித்தீர்களா என்றார். ஒன்று பழைய வீட்டுச் சுவர்ப் பொந்திலிருந்தும், இன்னொன்று பானையிலிருந்தும் எடுத்தேன். யாருக்காவது கொடுத்தீர்களா? மச்சானுக்கு மூன்று பெட்டி. அப்போது பதினான்கும் நான்கும் இரண்டும் இருபது, அதில் மூன்று போகப் பதினேழு. பதினேழில் ஒன்பது மீதி என்றால் இழந்தது எட்டு. நூற்றுக்கு நாற்பத்தேழு! ஏழு வருடமாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மாசியில் பிரித்து மாசியிலேயே சந்தோஷப்பட்டு, சித்திரையில் போனதை அந்தச் சந்தோஷத்தில் கழித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் 2022-23இல் வருட இழப்பு சுமார் 48 சதவீதம் என்று செய்தியில் படித்தபோது அங்கே என்ன பயங்கரம் என்று நினைத்தவன் நான்.

எட்டும் எப்படிப் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெட்டி மூடிமேல் கரியால் தேதி எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, அது அன்றைக்குக் கைகொடுத்தது. நான்கு ஓடிப்போனது, நான்கும் மே மாதத்தில், அதில் மூன்று மேற்கு வரப்பில் நிழல் இல்லாத இடத்தில் வைத்தவை. ஒன்று ராணி இல்லாமல் போய் வேலைக்காரப் பூச்சியே முட்டை போட ஆரம்பித்து, ஆண் பூச்சியாகப் பெருகி அழிந்தது. இரண்டு சாக்புரூட், புழுவைக் கொல்லும் வைரஸ் நோய். கடைசி ஒன்றுக்கு ‘மெழுகுப் பூச்சி’ என்றேன், அடையைத் தின்னும் அந்துப்பூச்சி அது. அவர் பேனாவை நிறுத்திவிட்டு, ‘அதுக்கு முன்னாடி கூட்டம் எப்படி இருந்துச்சு அண்ணா?’ என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இரண்டு சட்டம் மட்டும்தான் பூச்சி மூடியிருந்தது, நான் பாகு வைக்கத் தவறிய மாதம் அது. மெழுகுப் பூச்சி வலுவான கூட்டத்தில் நுழைந்து குடித்தனம் நடத்த முடியாது, பூச்சி மூடாத அடையில்தான் வலை பின்னும். அப்படியானால் அந்தப் பெட்டி போனது பட்டினியால், அந்துப்பூச்சி சாவு வீட்டுக்கு வந்தது. இந்தக் கேள்வியை ஒரு போன் படிவம் ஒருநாளும் கேட்காது.

சாக்புரூட் பற்றிச் சொல்லும்போது நேரிலேயே காட்டுகிறேன் வாம்மா என்று கூட்டிப்போனேன், ஏனென்றால் அந்த வாரமும் ஒரு பெட்டியில் எனக்குச் சந்தேகம் இருந்தது. மூடியைத் தூக்கி நடுச் சட்டத்தை எடுத்தேன். புழு அறைகளில் அங்கங்கே மூடி பிய்ந்திருந்தது. உள்ளே புழு, சுருண்டு படுக்காமல் நீட்டி மல்லாந்து, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு, அந்தத் தலை படகு முனை மாதிரி கூராகப் பழுத்துக் கறுத்து. கருவேல முள்ளால் மெல்லக் கிளப்பினால் அறுந்து போகாமல் முழுசாக வந்தது. தோல் ஒரு பை மாதிரியும், அந்தப் பையின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கின மாதிரியும். ‘சாக்’ என்றால் பை, அதுதான் நோயின் பெயரே. அந்தப் பெண் இதுவரை படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாராம். கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், ஆனால் முகத்தைத் திருப்பவில்லை, போனில் நாலைந்து படம் எடுத்தார். இந்த வைரஸ்தான் 1991-92 வாக்கில் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அடுக்குத் தேனீயை வாரிக்கொண்டு போனது. மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வாங்கப் போனால் இன்றைக்கும் பெரியவர்கள் அந்த வருடத்தை நேற்று நடந்த மாதிரிச் சொல்வார்கள். இதற்கு மருந்து கிடையாது. நோய் கண்ட அடையை எடுத்துவிட்டு, ராணியைக் கொஞ்ச நாள் கூண்டில் அடைத்து முட்டை வைப்பதை நிறுத்தி, புழுவே இல்லாத இடைவெளி கொடுத்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெட்டிச் சட்டத்தை இன்னொரு பெட்டியில் வைக்கக் கூடாது. நான் போன வருடம் அதைத்தான் செய்தேன், பலவீனமான பெட்டிக்கு உதவி என்று நினைத்து ஒரு புழுச் சட்டத்தை மாற்றி வைத்தேன், இரண்டும் போனது. அதையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னேன்.

சில விஷயம் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். படிவத்தில் பெட்டி இருக்கும் இடத்தை மேப்பில் புள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். நான் வைக்கவில்லை. பெட்டி திருட்டு எங்கள் பக்கம் நடக்கிறது, இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டியைப் பூச்சியோடு ராத்திரியில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஊராட்சிப் பெயர் மட்டும் போதும் என்று நேரில் வந்தபோது ஒப்புக்கொண்டார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள். இன்னொன்று, இதில் மானியம் எதுவும் கிடையாது. மானியம் வரும் என்று நினைத்து ஐந்தைப் பத்தாக்கிச் சொன்னவர்களும் உண்டு, பறித்துக்கொள்வார்கள் என்று பயந்து பத்தை ஐந்தாக்கியவர்களும் உண்டு, இரண்டுமே எனக்குத் தெரிந்தவர்கள். ஆரம்பத்திலேயே அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் பாதிப் பொய் குறைந்திருக்கும்.

முடிவு எப்படி வெளியிடுவார்கள் என்றும் கேட்டு வையுங்கள். நான் கேட்டேன். ஏனென்றால் என்னோடு பதில் சொன்ன மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொண்டாலே குழப்பம் வருகிறது. அமிர்திப் பெரியவர் மூன்றில் இரண்டை இழந்தார். நான் பதினேழில் எட்டு. பள்ளிகொண்டா பக்கம் அறுபது பெட்டி வைத்திருக்கிற ஒருவர் பன்னிரண்டு. மொத்தப் பெட்டியைக் கூட்டினால் எண்பதில் இருபத்திரண்டு, நூற்றுக்கு இருபத்தேழரை. ஆளுக்கு ஆள் சதவீதம் எடுத்துச் சராசரி போட்டால் நாற்பத்தைந்து வருகிறது. முதல் எண் பூச்சியின் கதை, இரண்டாவது எண் வளர்ப்பவரின் கதை. சின்னவர்கள் படும் அடி முதல் எண்ணில் தெரியவே தெரியாது. இரண்டையும் போடுவோம், சித்திரைக்கு முன்னால் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்கு முன்பு இரண்டு தடவை வேறு ஆட்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், திரும்பி ஒரு வரி வரவில்லை. அதனால்தான் அரை மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கிறேன், தாள் வந்தால் கொடுத்துவிடுவேன்.

கிளம்பும் முன் அந்தப் பெண் பட்டியலைக் காட்டி, உங்கள் ஊரில் வேறு யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா அண்ணா என்றார். பட்டியல் முழுக்க இப்போது பெட்டி வைத்திருப்பவர்கள். இரண்டு தெரு தள்ளி ஒருவர் இருக்கிறார், போன வருடம் என்னைப் பார்த்து ஆசையாக ஐந்து பெட்டி வாங்கினார், ஐந்தும் போய்விட்டது, விட்டுவிட்டார். பெட்டி இல்லாததால் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவரை விட்டுவிட்டு எடுக்கிற இழப்புக் கணக்கு என்ன கணக்கு என்று கேட்டு, நானே கூட்டிக்கொண்டு போனேன்.

மாட்டுக்கொட்டகையில் ஐந்து பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது, மேல் பெட்டியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ‘எங்கிட்ட கேக்க இன்னா இருக்குது மா, ஒண்ணும் இல்லியே’ என்றார். ‘அதத்தான் கேக்க வந்தேன் அண்ணா’ என்று அந்தப் பெண் அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டார். முதலில் ஒன்றிரண்டு வார்த்தை. அப்புறம் மனிதர் எழுந்து போய் அடிப்பெட்டியை இழுத்து, சட்டத்தை வெளியே எடுத்து, அடையை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். தேன் இல்லை, புழு இல்லை, செத்த பூச்சி ஒன்றும் இல்லை, துடைத்து வைத்த மாதிரி. ‘ஏதோ வியாதி, நம்ம கை ராசியில்லன்னு விட்டுட்டேன்’ என்றார். வியாதி இல்லை, ஓடிப்போனதுதான், எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டேன். கிணற்று மேட்டில், தகரக் கூரை ஓரமாக. மே மாதத்தில். அந்தப் பெண் நோட்டில் ‘ஆரம்பம் 5, முடிவு 0’ என்று எழுதி, பக்கத்தில் ‘ஓடிப்போனது’ என்று எழுதிக் கட்டம் போட்டார். வரும் மாசியில் அவருக்கு ஒரு பெட்டி பிரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், புளியமரத்து நிழலில் இடம் பார்த்தாகிவிட்டது, கோழி இறங்கியதும் பெட்டியைக் கழுவிக் காயவைக்க வேண்டும்.